சஹனில் ஓர் இடம்

ஹமீதாவிடம் ஒரு கோளாறு இருந்தது. யாருக்காவது ஏதாவது இல்லை என்று காதில் விழுந்தால் போதும், அது வந்து சேரும்வரை அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்காது. பார்வை மங்கியவருக்குக் கண்ணாடி, நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலி, வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சப்பாத்து. இலங்கையில், மன்னாருக்குப் பக்கத்தில் உள்ள எருக்கலம்பிட்டியில் அவள் வீட்டு மதிலில் பெண்கள் நலன்புரிச் சங்கம் என்று ஒரு பலகை தொங்கும். சங்கம் என்றால் வேறென்ன, ஹமீதாவும் அவளுடைய போனும் முன்விறாந்தையில் நாலு பிளாஸ்டிக் கதிரையும்தான். அந்தப் போனுக்குள்ளால் கையை விட்டு, கட்டாரிலும் லண்டனிலும் இருக்கிற முன்பின் தெரியாத மனிதர்களை அவள் பிடித்து உலுக்குவாள். அவர்களும் பாவம், உலுக்கினால் ஏதாவது உதிர்த்துவிடுவார்கள்.

அவளுடைய புருஷன் ஜுனைதீன் கருவாட்டு லொறி வைத்திருந்தார். "எனக்குப் பின்னேரத் தேத்தண்ணி இல்லை எண்டு ஆராவது வந்து உனக்குச் சொல்லமாட்டாங்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தானே போய் ஊற்றிக்கொள்வார். நல்ல மனிதர்தான், ஆனால் சொல்லிக்காட்டாமல் ஒரு கப் தேத்தண்ணி குடித்ததில்லை.

பக்கத்து ஒழுங்கையில் ஜெஸீமா இருந்தாள். அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஷிஹானாவுக்குப் பக்கத்து ஊரான தாராபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று, இளையவள் முஸ்பிராவை ஜெஸீமா ஹமீதா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். "ஹமீதா மாமி வீட்ட ஆடு குட்டி போட்டிருக்காம், போய்ப் பார்த்திட்டு வா" என்றாளாம். ஆடு குட்டி போட்டு அப்போதே ஒரு மாதத்துக்கு மேலிருக்கும். முஸ்பிரா அந்தக் குட்டிகளை முன்னமே பார்த்திருந்தாள், பேரும் வைத்திருந்தாள். ஆனாலும் போகச் சொன்னால் போகிற பிள்ளை அவள். ஏன் அனுப்பினார்கள் என்று ஹமீதாவுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் தெரியும் என்பதுதான் கொடுமை.

முஸ்பிராவுக்கு ஒன்பது வயது. வலது கை மணிக்கட்டு வரைக்கும் ஒழுங்காக வந்து, அதற்கப்பால் அரைவாசி உள்ளங்கையோடு நின்றுவிட்டது. விரல்கள் இல்லை. பிறக்கும்போதே அப்படித்தான். அந்தப் பிள்ளை இடது கையால் எழுதும், பந்து எறியும், மாங்காய் பிடுங்கும், அடுத்த வீட்டுப் பையனுக்குக் குட்டும் வைக்கும். ஒரு வேலையிலும் குறையில்லை.

அன்று ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு முஸ்பிரா கேட்டாள்.

"மாமி, நீங்க எல்லாருக்கும் எல்லாம் எடுத்துக் குடுக்கிறீங்க தானே. எனக்கு ஒரு கை எடுத்துத் தர ஏலுமா?"

ஹமீதா அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

போனில் துருவித் தேடியதில், நெதர்லாந்தில் மரைக்கே என்று ஒரு பெண் அகப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கையில்லாத பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக்கில் கை செய்து இலவசமாக அனுப்புகிற தொண்டர் கூட்டம் ஒன்று உலகமெல்லாம் பரந்து கிடக்கிறது. அதில் அவளும் ஒருத்தி. காரை வெளியே மழையில் விட்டுவிட்டு, கார் நிற்க வேண்டிய கொட்டிலில் மெஷினை வைத்து, பிளாஸ்டிக்கை உருக்கி ஒவ்வொரு விரலாக வார்ப்பாள். பேரைக் கேட்டதும் ஜுனைதீன், "ஆ, எங்கட மரைக்கார் குடும்பத்து ஆள் போல கிடக்கு" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் மரைக்கா மாமி ஆகிவிட்டாள்.

மரைக்கா மாமியோடு ஹமீதா இங்கிலீசில் கதைத்தாள். புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில், முகாமுக்கு வருகிற வெள்ளைக்காரருக்குப் பின்னால் திரிந்து பொறுக்கிய இங்கிலீஸ் அது. அதற்கு இலக்கணம் கிடையாது, ஆனால் வேலை நடக்கும். கட்டம் போட்ட கடதாசியில் முஸ்பிராவின் இரண்டு கைகளையும் வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். என்ன நிறம் என்று கேட்டு வந்தது. "எங்கட தோல் நிறத்திலேயே செய்யச் சொல்லுங்க ராத்தா, பார்த்தாத் தெரியக்கூடாது" என்று ஜெஸீமா கெஞ்சினாள். முஸ்பிரா நாவல்பழ நிறம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கை யாருக்கு? முஸ்பிராவுக்கு. ஹமீதா நாவல்பழம் என்றே எழுதினாள்.

அடுத்து இன்னொரு கேள்வி வந்தது. இந்தக் கையால் பிள்ளை முதன்முதலில் என்ன செய்ய ஆசைப்படுகிறாள்? சைக்கிள் ஓடவா, பந்து பிடிக்கவா, ஊஞ்சல் ஆடவா?

"ராத்தாட கலியாணத்தில சஹன்ல இருந்து சாப்பிடோணும்" என்றாள் முஸ்பிரா. யோசிக்கவே இல்லை. ராத்தா என்றால் அக்கா; ஷிஹானாவுக்கு அந்தத் தாராபுரத்து இடமே பொருந்தி வந்திருந்தது.

சஹன் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முஸ்லிம் வீட்டுக் கலியாணத்தில் பாய் விரித்து, நடுவில் அகலமான வட்டத் தட்டு ஒன்றை வைப்பார்கள். அதில் நெய்ச்சோறு, மேலே இறைச்சி, கோழிப் பொரியல், கத்தரிக்காய், அச்சாறு. அதைச் சுற்றி ஆறு பேர் இருந்து, ஆறு வலது கைகளால் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அதுதான் சஹன். பணக்காரியும் அதில்தான், அவளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவளும் அதில்தான். நல்ல துண்டு தன் பக்கம் கிடந்தால் பக்கத்திலிருப்பவளுக்குத் தள்ளிவிடுவது மரியாதை. தள்ளாமல் விழுங்குகிறவளைப் பற்றி மற்ற ஐந்து பேரும் பிறகு கதைப்பது அதைவிட ருசி.

வலது கைக்குச் சோற்றுக்கை என்றே பேர். இடது கைக்கு இருக்கிற வேலை வேறு. அது சஹனுக்குள் நுழைவதில்லை. ஏலாதவர்கள் இடது கையால் சாப்பிடுவதில் குற்றமில்லை என்று பள்ளிவாசல் மௌலவி எப்போதோ சொல்லிவிட்டார். ஆனால் மார்க்கம் விட்டாலும் மாமிமார் விடமாட்டார்களே. ஒருத்தரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்வதில்லை. கலியாண வீட்டில் முஸ்பிரா பாயில் வந்து இருந்தால், யாராவது ஒருத்தி சிரித்த முகத்தோடு தனியாக ஒரு பீங்கான் தட்டில் சோறும் கறியும் கொண்டுவந்து மூலையில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்துவிடுவாள். அவ்வளவுதான். அன்பாகத்தான்.

இதையெல்லாம் ஹமீதா தன் உடைந்த இங்கிலீசில் எழுதி, ஒரு சஹன் படமும் அனுப்பினாள். இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு ஒரு வீடியோ வந்தது. வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு மனுசி, மேசையில் ஒரு தட்டுச் சோற்றை வைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல்தடவையாகக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாடியில் சோறு, மூக்கில் குழம்பு, பிளவுஸ் எல்லாம் மஞ்சள். விரலைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து, கட்டை விரல்தான் சோற்றை வாய்க்குள் தள்ளுகிறது, அதை நான் யோசிக்கவேயில்லை, கட்டை விரலை மாற்றிச் செய்யவேண்டும் என்றாள். ஜுனைதீன் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். சிரித்து முடித்துவிட்டு, "அல்லாஹ் அந்த மனுசிக்கு நல்ல ஆயுளைக் குடுக்கட்டும்" என்றார். முஸ்பிரா அந்த வீடியோவை எத்தனை தரம் பார்த்தாள் என்று கணக்கில்லை.

கை வந்து சேர்ந்தது. மன்னார் தபால் கந்தோரில் கையெழுத்து வைத்து எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் ஹமீதா. நாவல் நிறத்தில் பளபளவென்று ஐந்து விரல். முன்கையில் பட்டி போட்டு இறுக்கினால், மணிக்கட்டை மடக்கும்போது உள்ளே ஓடுகிற நூல் இழுத்து விரல்கள் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். முஸ்பிரா மூடினாள், திறந்தாள், மூடினாள். பிறகு ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்தாள். குட்டி கத்தியது. அவ்வளவு சந்தோசமாக ஒரு பிள்ளை சிரித்து ஹமீதா கேட்டதில்லை.

அந்தக் கை வீண்போகவில்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு கிழமைக்குள் சைக்கிளின் இரண்டு கைபிடியையும் பிடித்துக்கொண்டு, தெருவில் படுத்திருக்கிற கழுதைகளை எழுப்பிக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டாள். புத்தகப்பையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைத் தொட்டுப்பார்க்க வரிசையில் நின்றார்கள்.

சோறுதான் சரிவரவில்லை.

கலியாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஹமீதாவின் குசினியில் பாய் விரித்து, சஹன் வைத்து, பயிற்சி. பிளாஸ்டிக் விரல் சோற்றைக் குழைக்காது. அள்ளும், ஆனால் வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில். கறி என்றால் மூட்டுக்குள்ளே போய் நூல் வழுக்கும். மரைக்கா மாமி விரல் நுனிக்கு றப்பர் உறை செய்து அனுப்பினாள், கட்டை விரலை மாற்றி அனுப்பினாள். பத்துத் தரத்தில் ஒருதரம் வாய்க்குள் போகும். மற்றத் தரமெல்லாம் கோழிகளுக்குத்தான் கொண்டாட்டம். இலவசமாக வந்ததைக் குறை சொல்லலாமா, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று ஹமீதா தன்னைத்தானே அடக்கிக்கொண்டாள். பிள்ளை அலுக்கவில்லை. அலுக்காமல் இருந்ததுதான் ஹமீதாவின் நெஞ்சைப் பிசைந்தது.

"ஏன் மகள் இந்தச் சஹன்ல இவ்வளவு ஆசை?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். "தனிப் பீங்கான்ல எண்டா இறைச்சி கூட வருமே."

"ஓம், கூட வரும்" என்றாள் முஸ்பிரா. விரலுக்கிடையில் சிக்கிய சோற்றை ஈர்க்குக் குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். "ஆனா ஒருத்தரும் என்ட இறைச்சியைக் கேக்கமாட்டாங்க மாமி. சஹன்ல எல்லாரும் அடிபட்டுச் சாப்பிடுவாங்க, சிரிப்பாங்க. நான் மூலையில இருந்து பாத்துக்கொண்டிருப்பன்."

"ஆர் புள்ள உன்னை மூலையில வைச்சது? சொல்லு, நான் போய்க் கேக்கிறன்."

முஸ்பிரா நிமிர்ந்து பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது. கேட்டதற்குப் பதில் சொல்கிற பிள்ளையின் பார்வை.

"முதல்முதல் நீங்கதான் மாமி. உங்கட மச்சாள்ட கலியாணத்தில. எலும்பில்லாத துண்டாப் பாத்து எடுத்துத் தந்தீங்க."

ஹமீதாவுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. தன் கையாலேயே தேடித் தேடி நல்ல இறைச்சி எடுத்து வைத்ததும், பிள்ளையின் தலையைத் தடவியதும், இன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு போய்த் தன் இடத்தில் இருந்ததும். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் எழும்பவில்லை.

அன்று இரவு ஜுனைதீனிடம் சொன்னாள். அவர் பகிடி விடவில்லை. "நீ நல்லதெண்டுதானே செய்தாய்" என்றார். அதுதான் பிரச்சினையே என்று அவளுக்குப் பட்டது. ஆனால் புத்தி அப்போதும் பழைய தடத்திலேயே ஓடியது. எப்படியாவது இந்தக் கையைச் சரிப்படுத்திவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் பயிற்சி, இன்னும் ஒரு றப்பர் உறை. பிள்ளைக்கு ஒன்று இல்லை, அதை எடுத்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரி. வருடக்கணக்கில் அப்படியே யோசித்துப் பழகிய தலை அது.

கலியாணம் என்றால் ஆயிரங்காலத்துப் பயிர் என்பார்கள். ஜெஸீமா அந்தப் பயிருக்கு மூச்சு விடாமல் தண்ணீர் இறைத்தாள். பந்தல், பூ, மின்குமிழ் மாலை, வட்டிலாப்பம், எதிலும் குறை வைக்கவில்லை. முஸ்பிராவுக்கு வெள்ளைச் சட்டை தைத்து, அதற்குப் பொருத்தமாகப் பின்னல் துணியில் ஒரு சோடிக் கையுறையும் தைத்திருந்தாள். இரண்டு கைக்கும் போட்டுவிட்டாள். நாவல் நிறம் உள்ளே ஒளிந்துகொண்டது. பார்த்தவர்கள் எல்லாம் "சின்ன மணப்பொண்ணு" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள்.

"மாப்பிள்ளைட உம்மாக்கு இன்னும் தெரியாது ராத்தா" என்று குசினி வாசலில் ஜெஸீமா ஹமீதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இண்டைக்கு ஒரு நாள் சமாளிச்சுப் போடுங்க. நிக்காஹ் முடிஞ்சாலும் பயமாத்தான் கிடக்கு. பரம்பரையில வருமோ எண்டு கேட்டா என்ட புள்ள அங்க போய் என்ன பதில் சொல்லுவாள்?"

ஹமீதாவுக்குக் கோபம் வந்தது. யாரில் கோபம் என்றுதான் தெரியவில்லை. இந்தப் பெண் தன் ஒரு பிள்ளைக்காக மற்றப் பிள்ளையை ஒளித்துக்கொண்டு நடுங்குகிறாள். இரண்டுமே அவள் பெற்றவை. யாரைப் போய் ஏச முடியும்?

மாப்பிள்ளையின் உம்மா ஸுபைதா. தாராபுரத்தில் பலசரக்குக் கடையைத் தனியாக நின்று நடத்துகிறவள். பெருத்த உடம்பு, பெருத்த குரல். அவள் வந்து இருந்ததும் பாய் நிறைந்துவிட்டது. சம்பந்தி இருக்கிற சஹனில் பெண் வீட்டுப் பக்கத்திலிருந்து மதிப்பான ஆள் ஒருத்தி கூட இருக்கவேண்டும் என்பது முறை. அந்த மதிப்பு ஹமீதாவுக்கு விழுந்தது. அவள் எங்கே இருக்கிறாளோ அங்கேதான் முஸ்பிரா இருப்பாள் என்று பிள்ளைக்கு முன்னமே வாக்குக் கொடுத்திருந்தாள். தட்டிச் சொல்ல ஜெஸீமாவால் முடியவில்லை. ஸுபைதா, அவளோடு வந்த இரண்டு உறவுக்காரிகள், அயல்வீட்டு ஆமினா, ஹமீதா, முஸ்பிரா. ஆறு பேர்.

சஹன் வந்தது. நெய்ச்சோற்றின் ஆவியில் எல்லாருடைய முகமும் இளகியது. முஸ்பிரா கையுறையைக் கழற்றினாள்.

நாவல் நிற விரல்களைக் கண்டதும் உறவுக்காரிகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸுபைதா அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முஸ்பிரா அல்லாஹ்வின் பேரால் பிஸ்மி சொன்னாள், மணிக்கட்டை மடக்கினாள், சோற்றை அள்ளினாள். ஹமீதாவின் உதடும் கூடவே அசைந்தது. யா அல்லாஹ், இந்த ஒருவாய், இந்த ஒரேயொரு வாய்.

பாதிவழியில் விரல் வழுக்கிவிட்டது. சோறு சிதறி ஸுபைதாவின் புதுச்சாரியில் விழுந்தது. ஒரு துண்டு இறைச்சி உருண்டு பாயில் போய் நின்றது. பிள்ளை மறுபடி அள்ளினாள். அதுவும் சிந்தியது. அவளுடைய காது மடல் சிவந்துபோனதை ஹமீதா கண்டாள்.

ஜெஸீமா எங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளோ, ஒரு பீங்கான் நிறையச் சோறும் கறியும், மேலே ஒரு கரண்டியுமாக ஓடிவந்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்க சம்மந்தி, சின்னப் புள்ள, தெரியாமல் வந்து இருந்திட்டுது. மகள், எழும்பு, அங்க கதிரை போட்டிருக்கு" என்றாள். முஸ்பிரா பழகிப்போன பிள்ளையாக இடது கையை நீட்டிப் பீங்கானை வாங்கப் பார்த்தாள்.

அந்த நீட்டலைப் பார்த்ததும் ஹமீதாவுக்குள் என்னவோ அறுந்தது. இந்தப் பிள்ளைக்கு நான் ஊர் உலகமெல்லாம் தேடிக் கை எடுத்துக் கொடுத்தேனே, இவளிடம் நல்ல கை ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே. இல்லாமல் கிடந்தது கை இல்லை. இந்தத் தட்டைச் சுற்றி ஐந்து பேர் கொஞ்சம் தள்ளி இருந்து கொடுக்கிற இடம். அதை நெதர்லாந்திலிருந்து யார் அனுப்புவது? எருக்கலம்பிட்டியில்தானே எடுக்க வேண்டும்!

"நில்லு ஜெஸீமா" என்றாள். "பீங்கான் வேணாம்."

முஸ்பிராவின் முன்கையைப் பிடித்துப் பட்டியை அவிழ்த்தாள். பிளாஸ்டிக் கையை மெதுவாகக் கழற்றித் தன் மடியில் வைத்தாள். விரலில்லாத அந்தச் சின்னக் கை எல்லாருக்கும் முன்னால் வெளியே வந்தது.

"மகள், இடக்கையைக் கழுவினியா?"

"ஓம் மாமி."

"அப்ப பிஸ்மி சொல்லிப்போட்டு அந்தக் கையால சாப்பிடு. இந்தச் சஹன்லயே சாப்பிடு. நான் உன்ட பக்கத்தில இருக்கிறன்."

பக்கத்துச் சஹனில் இருந்தவர்கள்கூட மெல்வதை நிறுத்தினார்கள். ஆமினா மட்டும் கையை உதறிக்கொண்டாள். "எனக்கு வயிறு நிறைஞ்சு போச்சு" என்று எழும்பிப் போனாள். அவள் சாப்பிட்டது இரண்டு வாய். இரண்டு வாயில் நிறைகிற வயிறு அவளுக்கு இருந்ததாக ஊரில் ஒருத்தரும் கேள்விப்பட்டதில்லை.

ஜெஸீமா பீங்கானோடு நின்ற இடத்திலேயே நின்றாள். ஸுபைதா சாரியில் கிடந்த சோற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சஹன் ஓரத்தில் வைத்தாள். பிறகு முஸ்பிராவின் கையைப் பார்த்தாள்.

"பொறந்ததில இருந்தா?"

"ஓம்" என்றாள் முஸ்பிரா.

"நாங்க பொண்ணு பார்க்க வந்த அண்டைக்கு நீ எங்க இருந்தாய்?"

"ஹமீதா மாமி வீட்ட, ஆட்டுக்குட்டி பாக்கப் போனன்."

ஸுபைதா நிமிர்ந்து ஜெஸீமாவைப் பார்த்தாள். ஜெஸீமாவுக்குக் கண்தான் வழிந்தது. தன் மூத்த மகளின் வாழ்வு முழுவதும் இந்தப் பெரிய மனுசியின் வாயிலிருந்து அடுத்து வரப்போகிற சொல்லில் தொங்குகிறது என்பதுபோல் நின்றாள். ஹமீதாவுக்கும் அப்போதுதான் தான் செய்த வேலையின் பாரம் தெரிந்தது. ஒரு பிள்ளைக்கு நல்லது செய்யப்போய் மற்றவளின் குடியைக் கெடுத்துவிட்டேனோ? மடியிலிருந்த பிளாஸ்டிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்ச கொண்டாங்க அதை" என்று ஸுபைதா கையை நீட்டிப் பீங்கானை வாங்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். "அம்மாடி! எலும்பில்லாத துண்டெல்லாம் இதுக்குள்ளயா கிடக்கு? எங்களுக்கு வெறும் எலும்பைப் போட்டிட்டு, நல்ல இறைச்சி முழுக்க இந்தப் புள்ளைக்குத் தனியாவா?"

சொல்லிக்கொண்டே பீங்கானைச் சஹனில் கவிழ்த்தாள். சோறும் கறியும் முஸ்பிராவுக்கு முன்னால் குவிந்தன. வெறும் பீங்கானைப் பின்னால் தள்ளிவிட்டாள்.

"சம்மந்தி, நிண்டு அழாம இருங்க. ஒராள் எழும்பிப் போன இடம் சும்மா கிடக்கு. சஹனெண்டா ஆறு பேர்."

கலியாண வீட்டுக்காரி விருந்தாளிகளோடு இருந்து சாப்பிடுகிற வழக்கமில்லை. அவள் கடைசியில், அடிச்சட்டியோடுதான். ஆனாலும் ஜெஸீமா இருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்கு எதிரே இருந்தாள். ஒரு சஹனில் தன் மகளோடு அவள் இருந்தது அதுதான் முதல்தடவை. உறவுக்காரிகளில் ஒருத்தி கொஞ்சம் தள்ளி இருந்துகொண்டு, கத்தரிக்காயை மட்டும் கொறித்தாள். மற்றவள் ஸுபைதாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு சோற்றைப் பார்த்தாள், பிறகு பசியின் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

முஸ்பிரா இடது கையால் ஒருவாய் எடுத்தாள். ஒரு பருக்கை சிந்தவில்லை. மென்று விழுங்கிவிட்டு இன்னொரு வாய். மூன்றாவது வாயில் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. கண் சஹனைச் சுற்றி ஒருமுறை ஓடியது. ஸுபைதாவின் பக்கத்தில், அவள் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பொரித்த கோழிக்கால் ஒன்று கிடந்தது. முஸ்பிராவின் கை சஹனுக்குக் குறுக்கே நீண்டு அதைத் தூக்கியது.

பளாரென்று அந்தக் கையில் ஓர் அடி விழுந்தது.

ஹமீதா பாதி எழும்பிவிட்டாள்.

"அடி கள்ளி!" என்று பந்தல் முழுக்கக் கேட்கக் கத்தினாள் ஸுபைதா. "அது என்ட பங்கு! எவ்வளவு நேரமா ஒளிச்சு வைச்சுக்கொண்டு இருக்கிறன். வை புள்ள அதை!"

முஸ்பிரா கோழிக்காலை வாய்க்குள் திணித்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, மாட்டேன் என்று தலையாட்டினாள்.